வீட்டு வாசலில் சொல்ல வேண்டியது: சமையல்கட்டுக் குப்பை, புல், இலை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் கெடா மாநிலத்தில், செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டங்களை ஒட்டிய ஒரு சிறு நகரம். 240 வீடுகள் உள்ள தாமான், அதாவது குடியிருப்பு. இன்னும் இரண்டு மாதத்தில் அங்கே சமையல்கட்டுக் குப்பையையும் வாசல் புல், இலைகளையும் தனியாக எடுத்துப் போக வாரம் இரண்டு தடவை ஒரு லோரி வரப்போகிறது. வீட்டுக்கு ஒரு வாளி இலவசம். எடுத்த குப்பை உரம் போடும் இடத்துக்குப் போகும். குடியிருப்போர் சங்கச் செயலாளரான ஒரு தங்கச்சி, தான் எழுதிய நோட்டீஸை அனுப்பி, "இது போதுமா அக்கா? வீட்டுக்காரங்ககிட்ட வேற எப்படிச் சொல்றது?" என்று கேட்டிருக்கிறார். ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பக்கம் எங்கள் தாமானில் இதே வேலையை நான்கு வருடம் நடத்திய அனுபவம் எனக்கு உண்டு. பதில் நீளமாகத்தான் வரும்.

தங்கச்சி, முதலில் நோட்டீஸின் தலைப்பில் ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள். "உணவு மற்றும் தோட்டக் கழிவு சேகரிப்புச் சேவை" என்று போட்டிருக்கிறீர்கள். அகராதிப்படி குற்றமில்லை. ஆனால் நம் நாட்டில் தோட்டம் என்றால் எஸ்டேட். "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டுத்தான் நாம் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்கிறோம். எங்கள் முதல் நோட்டீஸிலும் இதே சொல்தான் இருந்தது. முப்பது வருடம் மண்டோராக, அதாவது எஸ்டேட் ஆட்களை மேய்க்கும் கங்காணியாக, இருந்த ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, "செம்பனை மட்டைய எடுக்க லோரி விடுறாங்களா? அது நிர்வாகத்து வேலையாச்சே" என்று கேட்டார். அவர் சரியாகத்தான் படித்தார், நாங்கள்தான் தப்பாக எழுதியிருந்தோம். அப்புறம் "வீட்டு வாசல் புல், இலை, சின்னக் கிளை" என்று மாற்றினோம். மலாயில் எழுதும்போதும், தோட்டத்தைக் குறிக்கும் கெபுன் என்ற சொல்லில் இதே குழப்பம் வரும். "டாவுன் டான் ரும்புட்" (இலையும் புல்லும்) என்று போட்டுவிடுங்கள், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

"உணவுக் கழிவு" என்ற சொல் அதைவிட நுணுக்கமானது. உங்கள் தாமானில் பாதிப் பேராவது லயத்தில், எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்களாக இருப்பார்கள். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போன அம்மா, தோட்டத்துக் கடையில் கடனுக்கு அரிசி வாங்கி, மாசக் கடைசியில் கணக்குத் தீர்த்த வீடு. சோற்றைக் கொட்டினால் பாவம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள். அவர்களிடம் போய் "உங்க வீட்டு உணவுக் கழிவ இதுல போடுங்க" என்றால், "எங்க வீட்டுல சோறு மிஞ்சாதும்மா" என்று கேட்டைச் சாத்துவார்கள். சாப்பாட்டை வீணாக்குகிறோம் என்று நாம் குற்றம் சொல்வதாக அவர்களுக்குப் படும். எந்த வீட்டிலும் தினமும் சேர்வதைச் சொல்லி ஆரம்பியுங்கள். வெங்காயத் தோல், தேயிலைச் சக்கை, தேங்காய்ச் சக்கை, முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், முருங்கைக் காம்பு, மீன் செதில். இதில் யாருக்கும் கூச்சமில்லை. மிஞ்சின சோறும் குழம்பும் இதே வாளிக்குத்தான் போகும், அதைப் பட்டியலின் கடைசியில் வையுங்கள்.

தமிழ்நாட்டுப் பழக்கத்தில் "மக்கும் குப்பை, மக்காத குப்பை" என்று எழுதலாம் என்று உங்கள் குழுவில் யாராவது சொல்வார்கள். வேண்டாம். டிஷ்யூ மக்குமா? கடையில் தாபாவ் (பார்சல்) வாங்கிய காகிதப் பொட்டலம், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறதே, அது? "பயோ" என்று பச்சை எழுத்தில் அச்சடித்த பை? ஆளுக்கொரு முடிவு எடுப்பார்கள். பொருளின் பெயரையே சொல்லிவிட்டால் இந்த ஆராய்ச்சி தேவைப்படாது.

அந்தப் பட்டியலை எழுதுமுன் ஒரு நடை உரம் போடுகிற இடத்துக்குப் போய்வாருங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தீர்மானிப்பது அந்த இடம்தான். தென் கொரியாவில் உணவுக் குப்பையைக் குப்பைமேட்டில் கொட்டுவது 2005 முதல் தடை. 2013 முதல் போடுகிற அளவுக்குக் காசு கட்டவேண்டும். அங்கே எலும்பையும் சிப்பி ஓட்டையும் உணவு வாளியில் போடக்கூடாது. சேர்வதில் ஒரு பகுதி கால்நடைத் தீவனமாகப் போகிறது, அதுதான் காரணம். காரணத்தோடு சொன்ன விதியை மக்கள் மறப்பதில்லை. உங்கள் ஆள் கோழி எலும்பை ஏற்றுக்கொள்வாரா, இளநீர்க் கூட்டை வெட்ட இயந்திரம் வைத்திருக்கிறாரா, டுரியான் தோலுக்கு என்ன செய்வார், இதையெல்லாம் நேரில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். டுரியான் காலத்தில் ஒரே வீட்டிலிருந்து மூன்று மூட்டைத் தோல் வரும். அன்றைக்கு யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டால் லோரிக்காரர் வாசலில் நின்று வாக்குவாதம் செய்வார்.

இன்னொன்று. நம் இரண்டு மாநிலமும் சட்டம் 672-க்குக் கீழே வருகின்றன. 2007-இல் இயற்றிய திடக்கழிவுச் சட்டம், 2011 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் பெரிய சாமான்களும் வாசல் புல் இலையும் என்ற "இரண்டு கூட்டல் ஒன்று" முறை உங்கள் மக்களுக்குப் பழக்கமானதுதான். புது லோரி வந்தபின் புல் இலை பழைய நாளிலும் போகுமா, புது லோரியில் மட்டுமா? உங்கள் நோட்டீஸில் இதற்குப் பதில் இல்லை. ஊராட்சியிடமும் குப்பை எடுக்கும் நிறுவனத்திடமும் பேசித் தீர்த்துக்கொண்டு, அப்புறம் எழுதுங்கள். பழைய அட்டவணையும் புதியதும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும். ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்ட ஒரு தாள்தான் இடம் இருக்கும்.

அபராதம் பற்றிய பத்தியை அடியோடு எடுத்துவிடுங்கள். 2015 செப்டம்பர் 1-இல் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம் என்று வந்தது. 2016 ஜூன் 1 முதல் முதல் தடவை 50 வெள்ளி (ரிங்கிட்), இரண்டாம் தடவை 100, மூன்றாவது 500 என்று அபராதம் வந்தது. எங்கள் வரிசையில் நான் கேட்டுப் பார்த்தேன். 50 வெள்ளி எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. எந்தப் பையில் எதைப் போடுவது என்பதைச் சரியாகச் சொன்னவர்கள் மிகச் சிலர். உங்கள் புதுச் சேவை மக்கள் மனமொப்பிச் செய்யவேண்டியது. பயத்தில் ஆரம்பித்தால் வாளி கார் நிறுத்தும் இடத்தில் செருப்பு வைக்கப் பயன்படும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மக்களிடம் நாம் என்ன சொல்கிறோம் என்பதைவிட, சொன்ன நாளில் சொன்ன லோரி வருகிறதா என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். எங்கள் தாமானில் முதல் இரண்டு மாதம் அருமையாகப் போனது. மூன்றாம் மாதம் ஒரு வியாழக்கிழமை லோரி கெட்டுப்போனது. குத்தகைக்காரர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சாதாரணக் குப்பை லோரியை அனுப்பிவிட்டார். அந்த ஆட்கள் பச்சை வாளியையும் கறுப்புப் பையையும் ஒரே வாயில் கொட்டினார்கள். முனை வீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டே அதைப் பார்த்தார். மீன் குடலைத் தனியாகப் பொட்டலம் கட்டி, இரண்டு நாள் ஐஸ்பெட்டியில் வைத்திருந்து, காலையில் எடுத்து வாளியில் போட்டவர் அவர். சாயங்காலத்துக்குள் தாமான் முழுக்கத் தெரிந்துவிட்டது. "எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கொட்டுறானுங்க, நம்மள ஏன் பிரிக்கச் சொல்றாங்க?" அடுத்த வாரம் அந்த வரிசையில் பாதி வாளிகள் வெளியே வரவில்லை. அவற்றைத் திரும்ப வாசலுக்குக் கொண்டுவர எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. அந்த அக்காவின் கோபம் நியாயமான கோபம். நாங்கள் செய்திருக்கவேண்டியது ஒன்றுதான். காலை ஏழு மணிக்கு முன்னால், "இன்றைக்கு லோரி வராது, வாளியை வெளியே வைக்காதீர்கள், நாளை வரும்" என்று சொல்லியிருக்கவேண்டும்.

அதனால் நோட்டீஸ் அடிக்குமுன் குத்தகைக்காரரோடு உட்கார்ந்து இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். லோரி வராவிட்டால் முதல் தகவல் உங்களுக்கு. எந்தக் காரணத்துக்காகவும் இரண்டு குப்பையும் ஒரே லோரியில் ஏறக்கூடாது. இந்த இரண்டும் உறுதியாகாமல் வீடுகளுக்கு எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். தொடங்கும் தேதி ஒரு மாதம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

சரி, வீடுகளுக்குப் போவோம். நோட்டீஸை ஒரு நாளில் தபால் பெட்டிகளில் போட்டுவிடலாம். ஆனால் அதைத் தபால் பெட்டியிலிருந்து எடுப்பவர் ஒருவர், படிப்பவர் ஒருவர், சமையல்கட்டில் வாளியைக் கையாளப் போகிறவர் வேறொருவர். நீங்கள் பேசவேண்டியது அந்த மூன்றாம் ஆளிடம். அது பாட்டியாக இருக்கலாம், பகல் ஷிப்ட் முடிந்து வந்த மருமகளாக இருக்கலாம், ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஆறு வங்காளதேசத் தொழிலாளர்களில் அன்றைக்குச் சமைக்கும் முறை வந்தவராக இருக்கலாம். எல்லா வீட்டுக்கும் நேரில் போங்கள். இரண்டிரண்டு பேராகப் போனால் 240 வீடு ஒரு மாதத்தில் முடியும். கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை. ஆனால் தனியார் தொழிற்சாலைகளில் பலருக்கு ஞாயிறுதான் ஓய்வு, அதிலும் ஷிப்ட் உண்டு. ஒரே நேரத்தில் போய்க் கேட்டைத் தட்டாதீர்கள். சாயங்காலம் ஐந்தரை முதல் ஏழு வரை நல்ல நேரம், விளக்கு வைக்கும் நேரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நோன்பு மாதத்தில் மலாய்க்கார வீடுகளுக்கு அந்த நேரம் ஆகவே ஆகாது. அவர்களுக்குக் காலையில் போங்கள்.

கையில் தாள் மட்டும் இருந்தால் போதாது, வாளியைக் கொண்டுபோங்கள். வாளியோடு நாலு தாள் பழைய பத்திரிகை. நான் ஒரு வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். பாட்டிக்கு அறுபத்தெட்டு வயது, பால்மரம் சீவியவர். பின்கட்டில் உட்கார்ந்து கெம்போங் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "நாத்தம் புடிக்கும்மா, புழு வரும், எலி வரும், எனக்கு வேணாம்" என்றார். நான் வாதாடவில்லை. இரண்டு தாளைக் குறுக்கும் நெடுக்குமாக வாளிக்குள் விரித்தேன். மீன் குடலையும் செவுளையும் இன்னொரு தாளில் வைத்து, வெற்றிலை மடிப்பதுபோல் மடித்து உள்ளே வைத்தேன். அதன்மேல் வாசலில் கூட்டி வைத்திருந்த காய்ந்த மாவிலை இரண்டு கைப்பிடி. மூடியை அழுத்தினால் "டக்" என்று பூட்டிக்கொண்டது. பாட்டி சற்று நேரம் பார்த்தார். "லயத்துல இருந்தப்ப அடுப்புச் சாம்பலத் தூவுவோம், இதுவும் அதுதானே" என்றார். அதேதான் என்றேன். ஈரத்தை உலர்ந்தது குடிக்கிறது, நாற்றம் அடங்குகிறது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்குக்கு (அத்தை மாதிரி ஒரு அம்மாவுக்கு) அந்த மடிப்பைச் சொல்லிக்கொடுத்தது பாட்டிதான். வேலிக்கு மேலே, அவர் பேசும் பசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில். எங்கள் நோட்டீஸ் எட்டாத இடத்துக்கெல்லாம் அந்தப் பாட்டியின் பேச்சு போனது. ஒவ்வொரு வரிசையிலும் இப்படி ஒருவர் இருப்பார். முதல் வாரமே அவர் யார் என்று கண்டுபிடித்துவிடுங்கள்.

நாற்றம், புழு, எலி, குரங்கு, ஏடிஸ் கொசு. வாசலில் வரும் கேள்விகள் பெரும்பாலும் இந்த ஐந்துதான். உங்கள் தொண்டர்கள் எல்லாருக்கும் பதில் தெரிந்திருக்கவேண்டும். நம் சூட்டில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வரும், புழு ஈயாக மாற ஏழு முதல் பத்து நாள். வாரம் இரண்டு தடவை வாளி காலியானால் ஈயாகப் பறக்க நேரமே கிடைக்காது. ஒரு தடவை லோரி தவறினால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது, இல்லையா? மீன், இறால், நண்டு ஓட்டை எடுக்கும் நாள் வரை ஐஸ்பெட்டியின் பனிப்பகுதியில் வைக்கச் சொல்லுங்கள். குழம்பை வடித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். எலிக்கும் குரங்குக்கும் பதில் பூட்டுகிற மூடி. செம்பனைக்கு நடுவில் இருக்கும் ஊரில் எலிக்குப் பஞ்சமில்லை, எலி மூத்திரக் காய்ச்சலைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள், அதனால் மூடி விஷயத்தில் மலிவான வாளிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வாளியை இரவே வெளியே வைக்கவேண்டாம், காலையில் வைத்தால் போதும். காலி வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் தேங்கினால் ஒரு வாரத்தில் கொசு. சுகாதார இலாகா ஆட்கள் வந்து கூத்தம்பூச்சியை (கொசுப் புழுவை)ப் பார்த்தால், 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி அபராதம் வீட்டுக்காரருக்குத்தான் வரும். உங்கள் வாளியால் ஒரு வீட்டுக்கு அந்தக் கதி வந்தால், அந்த வரிசையில் அப்புறம் யார் பேச்சும் எடுபடாது.

"இவ்வளவு சின்ன வாளி போதுமா?" என்றும் கேட்பார்கள். கணக்குச் சொல்லுங்கள். 2012-இல் தேசியத் திடக்கழிவு நிர்வகிப்புத் துறை எடுத்த ஆய்வில், வீட்டுக் குப்பை ஆளுக்கு நாளொன்றுக்கு 0.76 கிலோ. அதில் உணவு 44.5 விழுக்காடு. ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஏறக்குறைய 1.7 கிலோ சமையல்கட்டுக் குப்பை வரும். இரண்டு எடுப்புக்கு நடுவில் மூன்று நான்கு நாள் என்றால் ஆறு கிலோவை ஒட்டி. 20 லிட்டர் வாளியில் இது தாராளமாக அடங்கும். 240 வீடும் அப்படியே போட்டால் நாளுக்கு 400 கிலோ. இந்த எண்ணைப் பார்த்தால் ஆண்கள் தலையசைப்பார்கள், இதை நான் பல வாசலில் பார்த்திருக்கிறேன். அதே ஆய்வில் பெம்பர்ஸ், அதாவது டயப்பர், 12.1 விழுக்காடு. எங்கள் உர மேட்டில் வந்து சேர்ந்த வேண்டாத பொருள்களில் பெரிய தொல்லை அதுதான். "பெம்பர்ஸ் வேண்டவே வேண்டாம்" என்பதை மட்டும் படத்தோடு, பெரிதாக, தனியாகப் போடுங்கள். மற்ற "வேண்டாம்"களை இரண்டு மூன்றுக்குள் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் பை, கண்ணாடி, பெம்பர்ஸ், அவ்வளவுதான்.

புல் இலை பக்கம் உங்கள் போட்டி நெருப்பு. சாயங்காலம் வாசலைக் கூட்டி, மூலையில் குவித்து, தீக்குச்சி கிழிப்பது நம்மவர்களின் அறுபது வருடப் பழக்கம். கொசுவுக்குப் புகை போட்ட மாதிரியும் ஆச்சு என்பார்கள். திறந்த வெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் அதைச் சொல்லி நான் யாரையும் நிறுத்தினதில்லை. ஆஸ்த்மா உள்ள பேரப்பிள்ளை இருக்கும் வீடு அடுத்த வாசலில் இருந்தால் அதைச் சொல்வேன். அதோடு, "இந்தக் காய்ந்த இலையில ஒரு மூட்டை சமையல்கட்டுப் பக்கம் வச்சுக்குங்க, வாளிக்கு மேல போட வேணும்" என்று கேட்பேன். எரித்துத் தொலைக்கவேண்டிய குப்பை தேவைப்படுகிற பொருளாகிவிடுகிறது. உரம் போடுகிறவருக்கும் இது பெரிய உதவி. சமையல்கட்டு ஈரம் மட்டும் வந்தால் குவியல் அழுகி நாறும், காய்ந்த இலை கலந்தால்தான் உள்ளே காற்றுப் போய்ச் சூடேறும். வாழை மரத்தை வெட்டினால் துண்டு போட்டு வைக்கச் சொல்லுங்கள். முழுத் தண்டு தண்ணீராகக் கனக்கும், ஒரு ஆளால் தூக்க முடியாது. தென்னை மட்டையும் அப்படித்தான், ஒரு கை நீளத்துக்கு வெட்டிக் கயிற்றில் கட்டினால் போதும்.

மூன்று இனமும் சேர்ந்து வாழும் தாமானில், யாரும் நோட்டீஸில் எழுதாத சில விஷயங்கள் இருக்கின்றன. சாமிக்குப் போட்ட மாலையை நம் ஆட்கள் மீன் குடலோடு ஒரே வாளியில் போடமாட்டார்கள், போடவும் சொல்லாதீர்கள். நாங்கள் மாரியம்மன் கோவில் வாசலில் தனியாக ஒரு பெரிய கூடை வைத்தோம். பூ, துளசி, வேப்பிலை, வாழை இலை மட்டும். அது தனிக் குவியலாக மக்கி, கோவில் நந்தவனத்துக்கே திரும்பப் போனது. அதன் பிறகு ஆற்றில் மாலை விடுவது தன்னால் குறைந்தது. மலாய்க்கார வீடுகளில், சீனர் வீட்டுப் பன்றி எலும்பு சேர்ந்த உரத்தைக் காய்கறிச் செடிக்குப் போடலாமா என்று கேட்பார்கள். நம் வீடுகளில் சிலர் மாட்டு எலும்பு பற்றிக் கேட்பார்கள். கேள்வி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சுராவ் (சிறு தொழுகை இடம்) பொறுப்பாளரையும் சீனர் சங்கத்துக்காரரையும் கோவில் தலைவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, தொடங்குமுன்னே பேசிவிடுங்கள். எங்கள் தாமானில் எல்லா இறைச்சி எலும்பையும் முதல் வருடம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். வாளி கொஞ்சம் இலேசானது, ஆனால் எல்லா வீட்டு வாசலிலும் வாளி வந்தது. வேறு ஊருக்கு வேறு முடிவு சரியாக இருக்கலாம். மூவரும் கூடி எடுத்த முடிவு என்று சொல்ல முடியவேண்டும், அதுதான் வேண்டும்.

மொழி விஷயத்தில் ஒன்று. தாளை மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் அடியுங்கள், ஆனால் தாளை மட்டும் நம்பாதீர்கள். நம் பெரியவர்களில் பலருக்குத் தமிழ் பேச்சுதான், எழுத்து இல்லை. பிள்ளைகளில் பலருக்கு மலாய் எழுத்து ஓடும் வேகத்தில் தமிழ் ஓடாது. வாட்சாப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவு எல்லாருக்கும் எட்டும். தாமானில் எல்லாருக்கும் தெரிந்த குரலாக இருக்கவேண்டும். எங்கள் தாமானில் தமிழ்ப்பள்ளியில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் பேசினார். "நாளைக்குக் காலைல லோரி, வாளிய எடுத்து வைங்க" என்று முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு. முதல் மூன்று மாதம் ஒரு தடவைகூட விடவில்லை.

தப்பாகப் போட்டவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில் கவனம் தேவை. வாளியில் பிளாஸ்டிக் இருந்தால் லோரிக்காரர் எடுக்காமல் விட்டுப் போவார். காலி ஆகாத வாளியைப் பார்க்கிற வீட்டுக்காரருக்கு ஏன் என்று தெரியவேண்டும். கைப்பிடியில் மாட்ட ஒரு மஞ்சள் அட்டை வைத்துக்கொள்ளுங்கள், நாலு படம், அதில் எது தப்போ அதில் ஒரு கீற்று. எழுதப் படிக்கத் தெரியாத ஆளும் போடலாம், புரிந்துகொள்ளலாம். அன்று மாலையே ஒருவர் அந்த வீட்டுக்குப் போய்வரவேண்டும். எங்கள் குழுவில் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், கலந்து போட்ட ஒரு வாளியைப் படம் எடுத்து வாட்சாப் குழுவில் போட்டுவிட்டார். வீட்டு எண் படத்தில் தெரிந்தது. அந்த வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு தாத்தாவை ஒரு பெண் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வாளியில் இருந்தது அவருடைய பெம்பர்ஸ். அந்தப் பெண் அதற்குப் பிறகு தாமான் கூட்டம் எதற்கும் வரவில்லை. நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார், ஆனால் வாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உங்கள் குழு தொடங்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள், வாளிப் படம் யாருடையதும் போடக்கூடாது.

தொடங்கிப் பல வாரம் ஆனபின், சாதாரணக் குப்பைத் தொட்டியின் மூடியில் "இதில் சமையல்கட்டுக் குப்பை வேண்டாம்" என்று ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பிரிட்டனில் பல ஊராட்சிகள் இதைச் செய்து பார்த்து, உணவு வாளிக்கு வருவது கூடியதைக் கண்டிருக்கின்றன. கை பழைய பழக்கத்தில் பழைய தொட்டிக்குத்தான் போகும், மூடியைத் தொடும் அந்த நொடியில் கண்ணில் படவேண்டும். முதல் நாளே ஒட்டினால் மக்களுக்கு மிரட்டல் மாதிரித் தெரியும், அதனால்தான் பிறகு என்கிறேன்.

எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள வீட்டில் போய், "பிரிக்கிறீங்களா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஆமாம் என்பார்கள், அது மரியாதைக்குச் சொல்கிற ஆமாம். எடுக்கும் நாள் காலையில் தெருவில் நடந்து வெளியே வந்த வாளிகளை எண்ணுங்கள். வரிசை வாரியாக எழுதுங்கள். எந்த வரிசை குறைகிறதோ அங்கே போய், "லோரி ஒழுங்கா வருதா? அண்ணன் வாளிய மெதுவா வைக்கிறாரா?" என்று கேளுங்கள். வாளியை வீசி எறிந்ததில் மூடி உடைந்து, சொல்லக் கூச்சப்பட்டு நிறுத்தின வீடுகள் எங்கள் தாமானில் ஒன்பது இருந்தன. மாற்று மூடி கொடுத்ததும் ஒன்பதும் திரும்ப வந்தன.

மாதம் ஒரு தடவை எடையைச் சொல்லுங்கள். லோரி எத்தனை கிலோ கொண்டுபோனது, எவ்வளவு கலப்பு இருந்தது, உரம் எந்த நிலையில் இருக்கிறது. குறைந்தாலும் குறைந்தது என்றே சொல்லுங்கள். மூன்று நான்கு மாதத்தில் முதல் உரம் சலித்து வரும்போது, வாளி வைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறு பையாவது கொடுத்துவிடுங்கள். எங்கள் தாமானில் அதைக் கொடுத்த நாள் ஞாபகம் இருக்கிறது. அந்த மீன் பாட்டி பையைத் திறந்து, கையில் அள்ளி, முகர்ந்து பார்த்தார். "மழை பேஞ்ச பால்மரக் காட்டு வாசன" என்றார். பின்கட்டில் மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் போட்டார். சாயங்காலம் அந்த வரிசையில் நான்கு வீட்டுக்காரர்கள் தங்களுக்கும் வாளி கேட்டு வந்தார்கள், அதுவரை வேண்டாம் என்றிருந்தவர்கள்.

நோட்டீஸைச் சுருக்கித் திருப்பி எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

"திங்கள், வியாழன் காலை 7 மணிக்குள் பச்சை வாளியை வாசலில் வையுங்கள். சமையல்கட்டுக் குப்பை வாளிக்குள்ளே, புல் இலை வாளிக்குப் பக்கத்தில் கட்டி. பிளாஸ்டிக், கண்ணாடி, பெம்பர்ஸ் வேண்டாம். இதெல்லாம் உரமாகி உங்கள் செடிக்குத் திரும்ப வரும். லோரி வராத நாளில் முன்கூட்டியே சொல்வோம். சந்தேகம் என்றால் கூப்பிடுங்கள்."

கீழே ஒரு தொலைபேசி எண், அதை யாராவது நிச்சயம் எடுக்கவேண்டும். நாள்களை உங்கள் குத்தகைக்காரர் உறுதி செய்தபின் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் நாள் காலையில் லோரிக்குப் பின்னாலேயே நடந்து போங்கள், 240 வீடும் முடியும் வரை. வாளியை வைத்துவிட்டு வாசலில் நின்று பார்ப்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். மூட மறந்த மூடிகளை நீங்களே மூடிவிட்டு வாருங்கள்.